சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன்

மலையைப் பற்றி எனக்கு ஒரே ஒரு புகார்தான். அது மறைக்கிறது.

எதிரே என்ன இருக்கிறது என்று நிமிர்ந்தால் அங்கே ஒரு மலை நிற்கிறது. சரி, இந்தப் பக்கம் பார்ப்போம் என்று திரும்பினால் அங்கே அதன் தம்பி. சஸ்காச்சுவான் சமவெளியில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் பதினொரு மைலுக்கு அப்பால் இருக்கும் தானியக் கிடங்கு தெரியும். எனக்குப் பிடிக்காத ஆள் யாராவது வீட்டுக்கு வருகிறான் என்றால், அவன் வண்டி முக்குத் திரும்பும்போதே தெரிந்துவிடும். காபிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கொல்லைப்பக்கமாக நழுவ நிதானமாக நேரம் இருக்கும். கடவுள் எங்களுக்கு இந்த வசதியெல்லாம் செய்து கொடுத்துவிட்டு, மிஞ்சிய கல்லையும் மண்ணையும் போட இடமில்லாமல் மேற்கே கொண்டுபோய்க் கொட்டினார். அந்தக் குப்பைமேட்டைப் பார்க்கத்தான் உலகம் முழுவதிலிருந்தும் ஜனங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

நானும் போனேன். தனியாக, பத்து நாள், என் பழைய பிக்கப் வண்டியில், எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு. அறுபத்தாறு வயதில் இந்தப் புத்தி எனக்குத் தானாக வரவில்லை. என் மனைவி வெர்னா வரவழைத்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரனுக்குக் குத்தகைக்கு விட்டோம். அதுவரை வயலில் பருப்பும் கோதுமையும் என் தொந்தரவைத் தாங்கிக்கொண்டிருந்தன. பிறகு அந்தப் பொறுப்பு வெர்னாவின் தலையில் விழுந்தது. சமையலறை டப்பாக்களை அகரவரிசையில் அடுக்கினேன். துணி துவைக்கும் இயந்திரம் எத்தனை நிமிடத்தில் சுற்றி முடிக்கிறது என்று குறித்துவைத்து, அதை எப்படிக் குறைக்கலாம் என்று அவளுக்கு யோசனை சொன்னேன். மார்ச் மாதம் ஒரு நாள் அவள் துவைத்த துணியை மேஜைமேல் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வீட்டை விற்றுவிட்டு, அவள் பிறந்த மலைப் பள்ளத்தாக்குக்கு, அவள் தங்கை இருக்கும் ஊருக்குக் குடிபோக வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் கோரிக்கை. மாட்டேன் என்பது என்னுடைய ரொம்ப நாள் பதில்.

"நீ மலையில ஒருநாளாவது ஒழுங்கா இருந்திருக்கியா?" என்றாள். "எங்க வீட்டுக்கு வந்தப்பல்லாம் எங்கப்பாவோட ஷெட்டுக்குள்ள உக்காந்து அவரு கார்பரேட்டரத்தானே பாத்துட்டிருந்த?"

"நல்ல கார்பரேட்டர் அது."

"ஓரெஸ்ட், நான் விளையாட்டுக்குப் பேசல. பத்து நாள் தனியா போ. நான் கூட வந்தா என்னை மறுத்துப் பேசணும்னே பேசுவ. தனியா போய்ப் பாரு. வந்து உண்மைய சொல்லு. பிடிக்கலன்னா விட்டுடலாம். வீட்ட விக்கற பேச்ச அப்புறம் நான் எடுக்கவே மாட்டேன். பிடிச்சுதுன்னா போறோம்."

"பிடிச்சிருந்தும் பிடிக்கலன்னு சொல்லிட்டா?"

"பொய் சொன்னா உனக்குக் காது சிவந்துடும்."

"ஃபோன்லதானே சொல்லப்போறேன்."

"சிவக்கற சத்தம் கேக்கும்."

ஒப்பந்தம் ஆயிற்று. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பத்து நாள் பெட்ரோல் செலவில் இந்தத் தலைவலி ஜென்மத்துக்கும் தீர்ந்தது.

எங்கள் நாட்டிலேயே வேண்டிய மட்டும் மலை இருக்கும்போது எதற்காக அமெரிக்கா என்று கேட்பீர்கள். எங்கள் நாட்டு மலையில் எல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் குடியேறிவிட்டார்கள். வயதாகி நிலத்தை விற்றவன் எல்லாம் நேரே அங்கேதான் போகிறான். அங்கே போனால் பத்து நாளும் அவர்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து மழை பெய்ததா என்று பேசிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். தனியாக மலை பார்க்க வேண்டும் என்றால் சொந்தக்காரன் இல்லாத மலையாகப் பார்த்துப் போக வேண்டும். எல்லைச் சாவடியில் இருந்த அதிகாரி இதையேதான் கேட்டான்.

"என்ன விஷயமா போறீங்க?"

"மலை பாக்க."

"உங்க ஊர்ல இல்லாத மலையா?"

"இருக்கு. அதுல என் மச்சினி இருக்கா."

அவன் வேறெதுவும் கேட்கவில்லை. முத்திரை குத்தாமலே கையைக் காட்டி அனுப்பினான். கல்யாணம் ஆனவனாக இருக்க வேண்டும்.

மொன்டானாவில் மலை தொடங்கியதும் என் கஷ்டமும் தொடங்கியது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சாலையோரத்தில் ஒரு வண்டி நின்றால் அதில் இருப்பவனுக்கு ஏதோ ஆபத்து. டயர் வெடித்திருக்கும், பெட்ரோல் தீர்ந்திருக்கும், நெஞ்சு வலித்திருக்கும். வேறு காரணத்துக்காக அங்கே எவனும் நிறுத்த மாட்டான். நிறுத்திப் பார்க்க என்ன இருக்கிறது? ஆகவே பின்னால் வருகிறவன் நின்று கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் போனவனின் பெயர் சாயங்காலத்துக்குள் மூன்று ஊர்களில் நாறிவிடும்.

இங்கே கால் மைலுக்கு ஒரு வண்டி ஓரமாக நின்றது.

முதல் வண்டிக்குப் பின்னால் போய் நிறுத்தினேன். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கைகோத்து நின்றார்கள். "என்னங்க ஆச்சு? ஏதாவது உதவி வேணுமா?" என்றேன். அந்த ஆள் திடுக்கிட்டுச் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது வண்டியில் ஒரு பையன் ஒரு பெண்ணின் முன்னால் மண்டியிட்டு மோதிரம் நீட்டிக்கொண்டிருந்தான். நட்டு ஏதோ கழன்று விழுந்துவிட்டது, தேடுகிறான் என்று நினைத்து, பெட்டியிலிருந்து டார்ச் எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்தது.

கேட்காமல் கடந்து போகலாம் என்றும் முயன்றேன். முடியவில்லை. அரை மைல் போனதும் மனசு அரிக்கும்; ஒருவேளை இவனுக்கு நிஜமாகவே நெஞ்சு வலியோ? திருப்பிக்கொண்டு வருவேன். அவன் சாண்ட்விச் தின்றுகொண்டிருப்பான். முதல் நாளில் மட்டும் பத்தொன்பது இடங்களில் நின்றேன். முப்பத்தேழு மைல் போனேன்.

பெட்ரோல் போடும் இடத்தில் இன்னொரு அவமானம். எங்கள் குளிரில் என்ஜின் உறைந்துவிடாமல் இருக்க ராத்திரி மின்சாரம் கொடுத்துச் சூடாக்குவோம். அதற்கான ஒயர் வருடம் பூராவும் வண்டியின் முகத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும். கலிபோர்னியாக்காரன் ஒருவன் அதைக் குனிந்து குனிந்து பார்த்தான்.

"சார், இது எலெக்ட்ரிக் வண்டியா?"

"இல்ல தம்பி. மூக்கணாங்கயிறு."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். போகும்போது அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

தினமும் சாயங்காலம் வெர்னாவிடம் அறிக்கை சமர்ப்பித்தேன். "இன்னிக்கு என்ன பாத்த?" என்பாள். "மலை." "எப்படி இருந்துது?" "நின்னுட்டிருந்துது." "அருவி?" "தண்ணி மேலருந்து கீழ விழுது. கீழருந்து மேல போனா கூப்பிட்டு சொல்றேன்." அவள் சிரித்தாள். முதல் நாள் நன்றாகவே சிரித்தாள். இரண்டாம் நாள் கொஞ்சம். மூன்றாம் நாள், "சரி, சாப்ட்டுப் படு" என்று வைத்துவிட்டாள். ஜெயித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. பக்கத்துக் கடையில் பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை இரண்டு துண்டு வாங்கிக் கொண்டாடினேன்.

நாலாம் நாள் அங்கிருந்த தேசியப் பூங்காவின் நடுவே போகும் மலைச்சாலையில் ஏறினேன். பனி நீக்கிப் போன வாரம்தான் திறந்திருந்தார்கள். உச்சியைத் தாண்டி இறங்கும் வழியில் அங்கங்கே சாலையைச் செப்பனிடும் வேலை நடந்தது. இடது பக்கம் செங்குத்தாகப் பாறை. வலது பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் வரிசை, அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால், நான் பழகிய ஒன்றுமில்லை வேறு. எங்கள் ஊர் ஒன்றுமில்லை நம் எதிரே பாய் விரித்த மாதிரி படுத்திருக்கும். இது வாயைத் திறந்துகொண்டு கீழே காத்திருந்தது. ஆழத்தில் நூல் மாதிரி ஒரு ஆறு. ஒரு கழுகு எனக்குக் கீழே பறந்தது. கழுகின் முதுகை ஒரு மனிதன் பார்க்கக் கூடாது. அது இயற்கைக்கு விரோதம்.

ஒரு வளைவில் சாலை கொஞ்சம் அகலமாக இருந்தது. அங்கே ஓரம் கட்டினேன். ஒரு நிமிடம் மூச்சு வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்றுதான். கால் பிரேக்கை விட்டு எழவில்லை. எழு என்றேன். அது என் கால் இல்லை போல அங்கேயே இருந்தது. கைகள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. பிடியைத் தளர்த்தினால் வண்டியோடு கவிழ்ந்துவிடுவோம் என்று அவை தாமாகவே முடிவு செய்திருந்தன. ரோட்டோரத்தில் நிற்கிற தடியன், அறுபத்தாறு வயது, நாற்பது வருடம் டிராக்டர் ஓட்டியவன், வியர்த்து வழிந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜன்னலைத் தட்டினார்கள். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு அம்மாள்.

"எல்லாம் சரியா இருக்கா சார்?"

இங்கேதான் எங்கள் பக்கத்து இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். உதவி வேண்டுமா என்று கேட்டே தீர வேண்டும் என்பது எங்கள் சட்டம். வேண்டும் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். ஒரு தடவை என் அறுவடை இயந்திரம் வயல் நடுவே தீப்பிடித்து எரிந்தது. புகையைப் பார்த்துவிட்டு என் நண்பன் ஆர்னி வண்டியில் வந்து இறங்கினான். "என்ன ஓரெஸ்ட், எல்லாம் சரிதானே?" என்றான். பின்னால் ஆளுயரத்துக்குத் தீ. நான் முன்னால் கைகட்டி நின்றுகொண்டு, "ஒண்ணுமில்லடா, சும்மா பாத்துட்டிருக்கேன்" என்றேன். ஆர்னியும் சரி என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீர்ப் பீப்பாயை இறக்கினான். கேட்பவனுக்குத் தெரியும், சொல்பவனுக்கும் தெரியும். பதில் மரியாதைக்கு. தண்ணீர் எப்படியும் வரும்.

ஆகவே மஞ்சள் தொப்பி அம்மாளிடம் சொன்னேன்: "நல்லாத்தான் இருக்கேன். சும்மா பாத்துட்டிருக்கேன்."

அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள்.

"எத பாக்கறீங்க?" என்று குரலைத் தாழ்த்தினாள். "கரடியா?"

நான் மறுக்காததையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, பின்னால் திரும்பித் தன் வீட்டுக்காரருக்குச் சைகை காட்டினாள். அவர் வண்டியை நிறுத்தி பைனாகுலரோடு வந்தார். அவருக்குப் பின்னால் வந்த வண்டி, இரண்டு வண்டி நிற்கிறதே என்று நின்றது. அதற்குப் பின்னால் வந்தது, மூன்று வண்டி நிற்கிறதே என்று. பத்து நிமிடத்தில் என் பின்னால் பதினான்கு வண்டிகள். என் ஜன்னலைச் சுற்றிக் கல்யாணக் கூட்டம்.

"எங்க சார்? எங்க இருக்கு?"

கையை எடுக்க முடியாததால் முகவாயால் காட்டினேன். எதிர்ச்சரிவில் பழுப்பாக ஏதோ ஒரு பாறை.

"ஆமா! ஆமா! தெரியுது!" என்றார் பைனாகுலர்காரர்.

"நகருது பாருங்க," என்றாள் ஒருத்தி.

"குட்டி ரெண்டு இருக்கு," என்றாள் மஞ்சள் தொப்பி.

கேமராக்கள் சடசடத்தன. ஒருவர் எனக்கு நன்றி சொல்லி, ஜன்னல் வழியாக ஒரு சாக்லேட் நீட்டினார். வாங்கக் கை வரவில்லை. கிராமத்துக்காரரின் அடக்கம் என்று நினைத்து டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் போனார். இவர்களை மாதிரி முட்டாள்களை நான் பார்த்ததில்லை என்று உள்ளுக்குள் வைதேன். அந்த முட்டாள்களில் ஒருவனாவது என் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்க்க மாட்டானா என்றும் ஏங்கினேன். இரண்டும் ஒரே மூச்சில்தான்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண் வந்தாள். சாலை வேலைக்காரி. ஐம்பது வயதிருக்கும். கையில் நீளக் கம்பில் வட்டப் பலகை. ஒரு பக்கம் 'நில்', மறு பக்கம் 'மெல்ல'. சட்டையில் ரோண்டா என்று பெயர். சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிவிட்டு ஜன்னலில் சாய்ந்தாள்.

"ரோட்ட மறிச்சுட்டு நிக்கறீங்களே, என்ன விஷயம்?"

"கரடி," என்றேன்.

நான் காட்டிய பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஸ்டியரிங்கில் இருந்த என் விரல்களைப் பார்த்தாள்.

"அந்தக் கரடி நான் இங்க வேலைக்கு வந்ததுலேருந்து அதே எடத்துலதான் இருக்கு. நாங்க அதுக்குக் கல்லுனு பேரு வெச்சிருக்கோம். உதவி வேணுமா?"

"வேணாம். சும்மா பாத்துட்டிருக்கேன்," என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"கண்ண மூடிட்டா?"

ஒரு கண்ணை மட்டும் திறந்தேன்.

"இந்த வாரத்துல மூணாவது ஆளு நீங்க பெரியவரே. முந்தாநாள் நெப்ராஸ்கா சமவெளிக்காரர் ஒருத்தர். அவராவது அழுதாரு, சுலபமா முடிஞ்சுது. நான் கேள்வி கேட்டா சரியான பதில் வாங்காம நகர மாட்டேன். சாயங்காலம் ஆறு வரைக்கும் எனக்கு இங்கதான் டூட்டி. உதவி வேணுமா?"

"வேணும்," என்றேன்.

அந்தச் சொல்லை அதற்கு முன் நான் பல் டாக்டரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

அவள் வாக்கி டாக்கியில் யாரிடமோ, "சமவெளி கேஸ் ஒண்ணு, நான் கூட எறங்கறேன், என் எடத்த பாத்துக்கோ" என்றாள். கூட்டத்தைப் பார்த்து, "கரடி தூங்கப் போயிடுச்சு, எல்லாரும் கெளம்புங்க!" என்று கத்தினாள். பிறகு வலது கதவைத் திறந்து ஏறி, பலகையை நிமிர்த்தி ஜன்னலை அடைத்துப் பிடித்தாள். பள்ளம் மறைந்தது. ஆறு மறைந்தது. கழுகும் போய்விட்டது.

"உங்க பக்கம் எது வேணும்? 'நில்'லா, 'மெல்ல'வா?"

"மெல்ல."

"நல்லது. ரோட்டு நடுவுல இருக்கற மஞ்சக் கோட்டையே பாருங்க. வாய மூடாம பேசிட்டே வாங்க. பேசறவங்களுக்கு மயக்கம் வராது."

பேசுவதற்கா எனக்குச் சொல்லித் தர வேண்டும்? கால் எழுந்தது. வண்டி நத்தை மாதிரி இறங்கியது. நான் பேசினேன். பருப்பு, கோதுமை, வெட்டுக்கிளி, துணி துவைக்கும் இயந்திரம். எதற்காக வந்தேன் என்பதையும் சொன்னேன்.

"அப்ப அவங்களுக்கு உங்க ஊரு பிடிக்கலயா?"

"அவளுக்கு எங்க ஊருன்னா பயம்," என்றேன். என் பிரபலமான கதை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எங்கள் ஊர்க் கிளப்பில் பிப்ரவரி மாதம் விருந்து நடக்கும். முப்பத்தோரு வருடமாக அங்கே நான்தான் எழுந்து நின்று இதைச் சொல்லுவேன். சொல்லு சொல்லு என்று கேட்டு வாங்குவார்கள்.

"கல்யாணம் ஆகி முதல் நவம்பர். வெளிய வந்து பாக்கறேன், இவ முற்றத்து நடுவுல துணி காயப்போடற கம்பத்தக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கறா. என்னடின்னா, 'பிடிச்சுக்க ஒண்ணுமே இல்ல ஓரெஸ்ட், விழுந்துடுவேன் போல இருக்கு'ங்கறா. நான் சொன்னேன், 'இந்தத் தரையில எங்கடி விழுவ? உருண்டுட்டே போனாலும் அடுத்த மாகாணத்துல போய்தான் நிப்ப!'"

இந்த இடத்தில் கிளப்பே அதிரும். ரோண்டா விதையை மென்றுகொண்டிருந்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ்ளோதான். ஜோக்கு அது."

"அவங்க சிரிச்சாங்களா?"

"யாரு?"

"கம்பத்தப் பிடிச்சுட்டிருந்தவங்க."

மஞ்சள் கோட்டையே பார்த்தேன். முற்றத்தில் அவள் சிரித்தாளா? நான் சிரித்தது ஞாபகம் இருந்தது. கம்பத்திலிருந்து அவளை எப்படி வீட்டுக்குள் கொண்டுவந்தேன்? கொண்டுவரவில்லை. டிராக்டருக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று போய்விட்டேன். அவளே வந்திருக்க வேண்டும். முப்பத்தோரு விருந்திலும் அவள் என் மேஜையில்தான், எனக்கு இடது கைப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லுவேன். கதை சொல்பவன் கூட்டத்தைத்தானே பார்ப்பான்? ஒரு தடவைகூட இடது பக்கம் திரும்பவில்லை.

"நான் ஒருதடவ உங்க பக்கம் வந்திருக்கேன்," என்றாள் ரோண்டா. "அக்கா மக கல்யாணம். நாலு மணி நேரம் ஓட்டினேன், எதுவும் பக்கத்துல வரல, எதுவும் தூரப் போகல. ஒளிய ஒரு மறைவு கெடயாது. மொய்ய தபால்ல அனுப்பிட்டுத் திரும்பிட்டேன். கோட்டப் பாருங்க, கோட்டப் பாருங்க!"

பார்த்தேன். கோடு கலங்கலாகத் தெரிந்தது. வியர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடிவாரத்தில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். டாஷ்போர்டில் இருந்த சாக்லேட்டை ரோண்டாவிடம் கொடுத்தேன். அவள் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கி, மேலே போகும் வேலைக்காரர்கள் வண்டிக்குக் கைகாட்டினாள். "போற வழியில வேற எங்கயும் கரடி காட்டாதீங்க பெரியவரே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நடுப்பகல். சாயங்காலம்தான் பேசுவது வழக்கம் என்பதால் வெர்னா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்ன ஆச்சு? உடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். "நல்லா இல்ல. மலையில நின்னுட்டேன். பயந்து. ஒரு பொம்பள வந்து எறக்கிவிட்டா."

"இப்ப எங்க இருக்க?"

"கீழ. தரையில. வெர்னா, மலை எனக்குப் பிடிக்கல. சத்தியமா பிடிக்கல. காது சிவக்கல, கேட்டுக்கோ."

"சரி," என்றாள். ரொம்ப நிதானமாகச் சொன்னாள். அலமாரியில் எதையோ திரும்ப வைத்து மூடுகிற மாதிரி. "ஒப்பந்தம்னா ஒப்பந்தம். நான் இனிமே பேசல. ஊருக்கு வா."

"வீட்ட விக்கலாம்."

"என்ன?"

"வித்துட்டு அங்க போகலாம். உன் பள்ளத்தாக்குக்கு."

"பிடிக்கலன்னு இப்பத்தானே சொன்ன?"

"பிடிக்கல. அது வேற, இது வேற."

"ஓரெஸ்ட், என்மேல இரக்கம் காட்டாத. நீ இரக்கப்பட்டு அங்க வந்து இருபது வருஷம் என் சமையலறையில உக்காந்து மலைய திட்டிட்டிருப்ப. எனக்கு அது வேணாம்."

"திட்டத்தான் திட்டுவேன். அத நிறுத்த முடியாது. ஆனா நான் கேக்கறதுக்கு நீ பதில் சொல்லணும். அன்னிக்குக் கம்பத்தப் பிடிச்சுட்டு நின்னியே. அதுக்கப்புறம் அந்த பயம் போச்சா?"

ஏரியில் யாரோ படகைத் தள்ளினார்கள். தொலைபேசியில் எங்கள் சமையலறைக் கடிகாரம் கேட்டது.

"போகல," என்றாள். "கம்பம் மட்டும்தான் மாறிச்சு."

"என்னன்னு சொல்லு."

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"கேக்கறேன். முப்பத்தி நாலு வருஷம் கழிச்சு கேக்கறேன். மடையன்தான், இருந்தாலும் கேக்கறேன்."

அவள் மெதுவாக ஆரம்பித்தாள். நான் வயலுக்குப் போன நாளெல்லாம் ஜன்னலில் நிற்பாளாம். நாலு மைல் தள்ளி என் டிராக்டர் எறும்பு மாதிரி தெரியுமாம். அதன் பின்னால் எழும் புழுதியைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவுவாளாம். புழுதி நகர்ந்தால் நான் உயிரோடு இருக்கிறேன். அது நின்றால் கையில் இருப்பது எதுவானாலும் கீழே வைத்துவிட்டு எண்ண ஆரம்பிப்பாளாம். நான் இறங்கி ஒன்றுக்குப் போயிருக்கலாம், சக்கரத்தில் ஆணி குத்தியிருக்கலாம், கவிழ்ந்தும் கிடக்கலாம். "எல்லாமே தெரியுது ஓரெஸ்ட். எதுவும் மறையல. ஆனா ஓடி வந்தா ஒரு மணி நேரம் ஆகும். அவ்ளோ தூரத்துல உன்னைப் பாத்துட்டே நிக்கறதுக்கு, பாக்காமலே இருக்கலாம்னு தோணும். ஒரு மலை இருந்தா பாக்க முடியாது. வர நேரத்துக்கு நீ வருவன்னு நெனச்சுட்டு வேலைய பாத்துருப்பேன்."

அவள் ஜன்னலில் நிற்பதைத் தூரத்திலிருந்து நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வயல் பச்சையை ரசிக்கிறாள் என்று நினைத்துக் கையாட்டுவேன்.

ஒன்றுக்குப் போவதை வைத்து ஒரு நல்ல நகைச்சுவை எனக்கு வாய் வரை வந்தது. நிஜமாகவே நல்லது, கிளப்பில் சொன்னால் மேஜை உடையும். அதை விழுங்கினேன். தொண்டையில் கொஞ்சம் சிக்கிக்கொண்டுதான் இறங்கியது.

"லைன்ல இருக்கியா?" என்றாள் வெர்னா. "சத்தமே காணோம்."

"இருக்கேன். நீ சொல்லு."

"இன்னும் நெறய இருக்கு."

"சொல்லு," என்றேன். இருக்கையைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டிக்கொண்டேன்.